எந்தத் துப்பாக்கி யாருக்கு? – குழல் அளவின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. ராணுவத்தில் இருக்கும் என் மாணவர் ஒருவர் விடுப்பில் வாழவந்திக்கு வந்தபோது ஒரு கேள்வி கேட்டார். "சார், எந்த கேலிபர் துப்பாக்கி ரொம்ப தூரத்துக்குக் குறி தப்பாமச் சுடும்? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். வரலாறு நடத்திய ஆசிரியனிடம் ஒரே வார்த்தையில் பதில் வாங்க முடியுமா? பள்ளியில் தேசிய மாணவர் படைக்கும் பல வருடம் நான்தான் பொறுப்பு. அதனால் துப்பாக்கியைப் படித்தும் இருக்கிறேன், பிள்ளைகளோடு தரையில் படுத்துச் சுட்டும் இருக்கிறேன். அவருக்குச் சொன்னதை விரிவாக இங்கே எழுதுகிறேன். நம் மலைப் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கடைசியில் வரும்.

*அளவு என்றால் என்ன?*

கேலிபர் என்பது குழலின் உள்விட்டம். ஆங்கிலேயர் அதை அங்குலத்தில் சொன்னார்கள். .303 என்றால் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் 303 பங்கு, அதாவது 7.7 மி.மீ. நம் போலீஸ்காரர்கள் வாயில் அது 'த்ரீ நாட் த்ரீ'. மற்ற ஐரோப்பிய நாடுகள் மில்லிமீட்டரில் சொன்னார்கள். வேட்டைத் துப்பாக்கிக்கு வேறு கணக்கு. 12 போர் என்றால், அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதனால் 12 போரைவிட 16 போர் சிறியது. எண் கூடினால் துளை குறையும். பிள்ளைகள் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள்.

குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். தொடக்கத்தில் அது ஒரு பார்லி மணியின் எடை. நம் தட்டார்கள் குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்தார்கள் அல்லவா, அதே வழிதான். ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின்.

இனி கேள்விக்கு வருவோம். துளை பெரிதானால் குறி நன்றாக இருக்குமா, சிறிதானால் நன்றாக இருக்குமா? இதற்கு மிகத் தெளிவான பதில் நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது.

*வழவழப்பான குழல்*

1792ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கும்பினியார் கைக்குப் போனபோது, அவர்களுடைய சிப்பாய்கள் தோளில் இருந்தது 'பிரவுன் பெஸ்' என்று பெயர் பெற்ற மஸ்கட். அதன் துளை .75 அங்குலம், 19 மி.மீ. நம் கட்டைவிரல் நுழையும். உள்ளே வழவழப்பான குழல். வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கோலால் இடித்து நிரப்ப வேண்டும். வேகமாக நிரப்ப வசதியாகக் குண்டைத் துளையைவிடச் சிறியதாகவே வார்ப்பார்கள். சுட்டதும் அந்த உருண்டை குழலின் இரு பக்கமும் தட்டித் தட்டி வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் தட்டியதோ அதற்கு எதிர்ப்பக்கம் போகும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைப்பது வீண் வேலை. அதனால்தான் அந்தக் காலத்துப் படைகள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்று மொத்தமாகச் சுட்டன.

பாளையக்காரர்களிடமும் திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகள் இருந்தன. அவையும் வழவழப்பான குழல்தான். 1799ல் கட்டபொம்மனும் 1801ல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்ட காலத்தில், துப்பாக்கியின் குறித்திறன் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் பெரிய இடைவெளி இல்லை. வெள்ளையர்களின் பலம் பீரங்கியிலும் பயிற்சியிலும் பணத்திலும் இருந்தது. ஆனாலும் 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தெற்குப் பாளையங்களின் மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும் என்றார். தமிழ் மண்ணில் ஆயுதப் பறிப்பு அப்போதே தொடங்கிவிட்டது.

*புரி போட்ட குழல்*

குழலின் உள்ளே திருகாணிக்கு இருப்பது போல் சுற்றிச் சுற்றிப் புரி வெட்டினால், குண்டு பம்பரம் போலச் சுழன்று வெளியே வரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போலச் சுழலும் குண்டும் தலை கவிழாமல் நேராகப் போகும். இந்தப் புரிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரிலிருந்துதான் 'ரைஃபிள்' என்ற சொல்லே வந்தது. இது ஐரோப்பாவில் பல நூற்றாண்டாகத் தெரிந்த வித்தைதான். ஆனால் புரியைக் கவ்வும் அளவுக்கு இறுக்கமான குண்டை வாய் வழியாக அடித்து இறக்கப் பொழுது போய்விடும். போர்க்களத்தில் அதற்கு நேரம் ஏது?

1849ல் பிரான்சு நாட்டு அதிகாரி மினியே இதற்கு விடை கண்டார். குண்டின் அடிப்பாகம் குழிவாக இருக்கும். நிரப்பும்போது அது தளர்வாக உள்ளே இறங்கும். சுடும்போது வெடிக்காற்று அந்தக் குழியை விரித்துப் புரியோடு ஒட்ட வைக்கும். இந்த முறையில் வந்ததுதான் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு. துளை .577 அங்குலம், 14.7 மி.மீ. துளை சிறுத்தது, தூரம் கூடியது. நூறு கஜத்தில் தடுமாறிய இடத்தில், 900 கஜம் வரை அளவு குறித்த பின்காட்டி வைத்தார்கள்.

இந்த என்ஃபீல்டுக்கு வந்த தோட்டாவில் தடவிய கொழுப்புதான் 1857ல் பற்றி எரிந்தது. அது பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா என்ற பேச்சு அந்த ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் தொடங்கியது. மார்ச் 29ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி தூக்கினார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அடுத்து நடந்தது பாடப்புத்தகத்தில் இல்லை.

*சிப்பாய்க்குத் தனித் துளை*

கிளர்ச்சி அடங்கியதும் வெள்ளை அரசு உட்கார்ந்து யோசித்தது. இந்தியச் சிப்பாய்க்குத் துப்பாக்கி கொடுக்காமல் ஆளவும் முடியாது. நல்ல துப்பாக்கி கொடுத்தால் அது நம் பக்கமே திரும்பும். என்ன செய்யலாம்?

1858ஆம் ஆண்டு மாதிரி என்று ஒரு துப்பாக்கி வந்தது. வெளியே பார்த்தால் ஏறக்குறைய அதே என்ஃபீல்டு. உள்ளே புரி இல்லை. குழலைக் கடைந்து புரியை அழித்து வழவழப்பாக்கி, துளையை .656 அங்குலமாகப் பெரிதாக்கியிருந்தார்கள். அதாவது 16.7 மி.மீ. கடைந்ததில் குழலின் சுவர் மெலிந்து பழுதாகியது. அடுத்த ஆண்டு மாதிரியில் சுவரைத் தடிமனாக்கினார்கள். புரியை மட்டும் திருப்பித் தரவில்லை. பின்காட்டியையும் எளிமையாக்கிவிட்டார்கள். தூரத்துக்குச் சுட முடியாத துப்பாக்கிக்குத் தூர அளவு எதற்கு?

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். வெள்ளைச் சிப்பாய் கையில் 14.7 மி.மீ. இந்தியச் சிப்பாய் கையில் 16.7 மி.மீ. பெரிய துளை நமக்கு, நல்ல குறி அவர்களுக்கு. அளவு பெரிதானால் துப்பாக்கி சிறந்தது என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதன்பிறகு ஒரு தலைமுறை பின்தங்கல் வழக்கமாகவே ஆனது. வெள்ளையருக்கு மார்ட்டினி ஹென்றி வந்தபோது நம்மவருக்குப் பழைய ஸ்னைடர். அவர்களுக்கு .303 வந்தபோது நம்மவருக்கு மார்ட்டினி. பீரங்கிப் படையில் சில மலைப் பீரங்கிப் பிரிவுகள் தவிர மற்றவற்றை இந்தியரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்கள் போருக்கு ஏற்றவர்கள் அல்ல என்ற முடிவுக்கு வந்தவர். பிறகு அவரே இந்தியா முழுமைக்கும் தளபதியானார். 'வீர இனம்' என்ற கொள்கை வலுப்பெற்று, சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்ட பிறகுதான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி உயிர் பெற்றது.

*ஒரு சின்னக் கணக்கு*

துளை ஏன் சிறுத்துக்கொண்டே வந்தது? எட்டாம் வகுப்பு அறிவியல் போதும்.

மேலிருந்து விடும் கல்லும், கிடையாகச் சுட்ட குண்டும் பூமியை நோக்கி ஒரே வேகத்தில்தான் விழும். ஒரு வினாடியில் 4.9 மீட்டர். அரை வினாடி என்றால் அதில் நான்கில் ஒரு பங்கு. ஆகவே குண்டு இலக்கை அடைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் கேள்வி. காற்றின் தடையை விட்டுவிட்டு 300 மீட்டருக்குக் கணக்குப் போடுவோம்.

மார்ட்டினி ஹென்றி: துளை .45 அங்குலம், குண்டு 480 கிரெயின், அதாவது 31 கிராம். வினாடிக்கு 411 மீட்டர் வேகம். 300 மீட்டர் போவதற்குள் குண்டு 2.6 மீட்டர் கீழே விழும்.

.303, 1910ல் வந்த ஏழாம் மாதிரித் தோட்டா: 174 கிரெயின், 11 கிராம். வேகம் 744 மீட்டர். விழுவது 80 செ.மீ.

இன்சாஸ், 5.56 மி.மீ.: குண்டு 4 கிராம். வேகம் 900 மீட்டர். விழுவது 54 செ.மீ.

காற்றையும் சேர்த்தால் எல்லாமே கொஞ்சம் கூடும். ஆனால் வித்தியாசம் புரிகிறதா? போர்க்களத்தில் தூரத்தை யாரும் டேப் வைத்து அளக்க முடியாது. கண் மதிப்புதான். 300 மீட்டரை 250 என்று நினைத்துவிட்டால், மார்ட்டினிக்காரனின் குண்டு குறிவைத்த இடத்துக்கு நன்றாகக் கீழே போய்விடும். வேகமான சிறிய குண்டுக்காரன் தப்பித்துக்கொள்வான்.

அப்படியானால் இன்னும் இன்னும் சிறிய குண்டு போதுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் காற்று குறுக்கே வருகிறது. தக்கையையும் கூழாங்கல்லையும் ஒரே வேகத்தில் எறிந்து பாருங்கள். தக்கை சீக்கிரம் வேகம் இழக்கும், காற்றடித்தால் ஒதுங்கும். கனம் குறைந்த குண்டும் அப்படித்தான். 300 மீட்டரில் சிறந்து விளங்கும் 4 கிராம் குண்டு, 800 மீட்டரில் பக்கக் காற்றுக்கு வளைந்து கொடுக்கும். தொலைவுக்குப் போக வேண்டுமானால் குண்டு வேகமாகவும் இருக்க வேண்டும், ஈட்டி போல் நீண்டு கனமாகவும் இருக்க வேண்டும். அது தலை கவிழாதபடி சுழற்றும் புரியும் அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும். துளையின் அளவு இந்தக் கணக்கில் ஓர் எண் மட்டுமே.

*நீலகிரியில் செய்த மருந்து*

கரிமருந்து இருக்கும்வரை வேகத்துக்கு ஒரு வரம்பு இருந்தது. புகை மண்டும், குழலில் கரி படியும். 1884ல் பிரான்சில் வியெய் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டில் 8 மி.மீ. லெபெல் துப்பாக்கி வந்தது. ஆங்கிலேயர்கள் 1888ல் .303க்கு வந்தார்கள். அதற்கு அவர்கள் செய்த புகையில்லா மருந்தின் பெயர் கார்டைட். நீண்ட நூல் நூலாக இருக்கும். நீலகிரியில் அருவங்காட்டில் 1903ல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. ஊட்டி ரயிலில் போனவர்கள் அந்த ஸ்டேஷன் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கிக்கு மருந்து நம் மலையிலிருந்து போனது.

சிறிய வேகமான குண்டு வந்தபோது வெள்ளை அதிகாரிகளுக்கு ஒரு குறை. வடமேற்கு எல்லைப் போரில் அது ஆளைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, ஆள் விழுவதில்லை என்றார்கள். அதற்காக முனையில் ஈயம் வெளியே தெரியும், உடலுக்குள் விரிந்து கிழிக்கும் குண்டு செய்யப்பட்டது. செய்த இடம் அதே டம்டம். 1899ல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. கல்கத்தாவின் ஒரு புறநகர்ப் பெயர் உலக அகராதிகளில் ஏறியது இப்படித்தான்.

*இரண்டு வேட்டைக்காரர்கள்*

அந்தக் காலத்தில் அளவுச் சண்டை வேட்டைக்காரர்களிடம் பலமாக இருந்தது. ஜிம் கார்பெட்டின் பெயர் எல்லோருக்கும் தெரியும். 1907ல் சம்பாவத் புலியைச் சுட்டதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி. 7 மி.மீ. மட்டுமே. போயர் போரில் ஆங்கிலேயர்களைத் திணறடித்த ஜெர்மானிய மவுசர் துப்பாக்கியின் அதே தோட்டாதான், ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டு வந்தது. 1926ல் ருத்ரபிரயாக் சிறுத்தையையும் அதைக் கொண்டே முடித்தார்.

நம் பக்கத்து ஆள் கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்க்காரர். அவர் கதைகளில் வரும் பென்னாகரம், முத்தூர், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி எல்லாம் அன்று நம் சேலம் ஜில்லா. 1965ல்தான் தருமபுரி தனி மாவட்டமானது. அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். 10.3 மி.மீ. துளை, 300 கிரெயின் குண்டு, 19 கிராம். முந்தைய கணக்குப்படி 300 மீட்டரில் ஒரு மீட்டர் விழும். நீண்ட தூரத்துக்கு ஏற்றதல்ல.

ஆனால் முட்புதரும் மூங்கிலும் நிறைந்த நம் காடுகளில் 300 மீட்டர் யாருக்குக் கண்ணில் தெரியும்? ஆட்கொல்லிகள் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்ளேயே சுடப்பட்டன. அங்கே தேவை, ஒரே அடியில் நிறுத்தும் கனமும், அடுத்த தோட்டாவைச் சட்டென்று ஏற்றும் வசதியும். இருவரும் தத்தம் துப்பாக்கியோடு வாழ்ந்து, அதன் குணம் தெரிந்து வைத்திருந்தார்கள். எது சிறந்தது என்ற கேள்விக்கு முன், எந்த இடத்தில், எதற்கு என்று கேட்க வேண்டும் என்பதை இவர்கள் இருவரும் காட்டுகிறார்கள்.

*சட்டம் அளந்த துளை*

1878ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியருக்கு விலக்கு. குடகு மக்களுக்கும் விலக்கு. அதாவது, நம் சேர்வராயன் மலையில் காபித் தோட்டம் வைத்திருந்த துரைக்கு உரிமம் வேண்டாம். அந்தத் தோட்டத்துக்கு மேலே தினை, சாமை விதைத்த மலையாளிக்கு வேண்டும். (வெளியூர் நண்பர்களுக்கு: இங்கே மலையாளி என்றால் கேரளத்தவர் அல்ல. சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் வாழும், தமிழ் பேசும் பழங்குடி மக்கள்.)

பின்னாளில் இன்னொரு தடை வந்தது. .450 அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்றார்கள். அந்தக் குண்டு, கிளர்ச்சிக்காரர் கையில் இருக்கும் பழைய மார்ட்டினிக்குப் பயன்பட்டுவிடுமோ என்ற அச்சம். உடனே லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர்கள் .465, .470 என்று புதிய அளவுகளைச் செய்து விற்றார்கள். இன்றும் யானைத் துப்பாக்கி என்றால் உலக வேட்டைக்காரர்கள் .470 என்பார்கள். அந்த அளவு பிறந்ததற்குப் பின்னால் இந்தியாவைப் பற்றிய ஒரு பயம் இருக்கிறது.

1931 கராச்சி காங்கிரஸ், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது குடிமக்களின் உரிமை என்று தீர்மானம் போட்டது. சுதந்திரம் வந்த பிறகு எழுதிய அரசியலமைப்பில் அது இடம்பெறவில்லை. 1959ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. ராணுவத் தோட்டா ஏறும் .303 போன்றவை குடிமக்களுக்குத் தடை. ஆகவே ஈஷாப்பூர் தொழிற்சாலை .315 என்ற தனி அளவில் சிவிலியன் ரைஃபிள் செய்தது. இதே சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படியுங்கள். தற்காப்புக்கும் வேட்டைக்கும் 20 அங்குலத்துக்குக் குறையாத, புரியில்லாத குழல். துப்பாக்கிச் சங்க உறுப்பினர் பயிற்சிக்கு .22 அல்லது காற்றுத் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய் வழியாக நிரப்பும் துப்பாக்கி. உரிமம் எளிதாகக் கிடைக்கச் சட்டமே வகுத்த வரிசை இது.

1858ல் வந்த துப்பாக்கியும் புரியில்லாதது, வாய் வழியாக நிரப்புவது. நூறு வருடம் கழித்து, விவசாயிக்கு என்று சட்டம் எழுதி வைத்ததும் அதே வகைதான். எனக்கு இதில் வருத்தமும் உண்டு, ஒரு நியாயமும் தெரிகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*ராணுவம் போன பாதை*

1962ல் சீனாவோடு போர் வந்தபோது நம் ஜவான்கள் கையில் .303. ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துச் சுட வேண்டும். எதிரி கையில் தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கிகள். அதன்பிறகு 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். வந்தது. தொண்ணூறுகளில் 5.56 இன்சாஸ் வந்தது. கனம் குறைவு, அதிகத் தோட்டா சுமக்கலாம். ஆனால் எல்லைக் கோட்டில் ஒரு மலை முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்குச் சுட அது போதவில்லை. 2019ல் மறுபடி 7.62க்கே திரும்பி 72,400 சிக் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். மறைந்திருந்து சுடுபவர்களுக்கு .338 லப்புவா அளவு. 8.6 மி.மீ. துளை, 250 கிரெயின், 16 கிராம் குண்டு. ஒரு கிலோமீட்டருக்கு மேலும் கணக்குத் தப்பாமல் போகும். நம் திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் செய்யும் 'வித்வன்சக்' 12.7 மி.மீ.யிலிருந்து 20 மி.மீ. வரை போகும். அது ஆளுக்கு அல்ல, வண்டிக்கும் பதுங்குகுழிக்கும்.

ஆக 19லிருந்து 5.56 வரை இறங்கிய அளவு, இப்போது வேலைக்குத் தகுந்தபடி ஏறியும் இறங்கியும் நிற்கிறது. போலீசார் .303ஐ விடாமல் வைத்திருந்தார்கள். 2008 நவம்பரில் மும்பை ரயில் நிலையத்தில் ஏ.கே. 47க்கு எதிரே சில காவலர்கள் அதைத்தான் ஏந்தி நின்றார்கள்.

*எல்லாவற்றிலும் சிறியது*

உலகத்திலேயே மிக நுட்பமான குறி எந்தத் துப்பாக்கியில் கேட்கிறார்கள் தெரியுமா? 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கியில். பத்து மீட்டர் தூரம். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். வாக்கியத்தின் முடிவில் நாம் வைக்கும் புள்ளி அளவு. 2008ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியதும் அதில்தான்.

எங்கள் என்.சி.சி. பிள்ளைகள் சுட்டது .22. ஒரே துப்பாக்கி, ஒரே பெட்டித் தோட்டா, அதே 25 மீட்டர். ஒருவன் சுட்ட ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் நிற்கும். அடுத்தவன் சுட்டது முறம் போல் பரவிக் கிடக்கும். முதலாமவன் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைப் பூப்பறிப்பது போல் அழுத்தியிருப்பான். இரண்டாமவன் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடியிருப்பான். குழலின் அளவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு அட்டைகளும் நினைவுக்கு வரும்.

*நம் மலைக்கு வருவோம்*

சங்க காலத்துக் குறிஞ்சிப் பெண்கள் தினைப்புனத்தில் பரண் மீதிருந்து கவண் எறிந்து கிளி ஓட்டினார்கள். அதே மலைக்காட்டில் பின்னாளில் பரணில் ஏறியது நாட்டுத் துப்பாக்கி. தாத்தா காலத்தில் உரிமத்தோடு இருந்தது, அப்பா காலத்தில் புதுப்பிக்காமல் போனது. சில வீடுகளில் உரிமமே இல்லாமல் கூரைச் சந்தில் செருகி வைத்திருக்கிறார்கள். காட்டுப்பன்றி ஒரே இரவில் ஒரு வருட உழைப்பைக் கிளறிப் போட்டுவிடுகிறது. காட்டெருமை காபிச் செடியை மிதிக்கிறது. அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும்.

ஆனால் இதுவரை சொன்ன வரலாற்றை அந்தத் துப்பாக்கி மேல் வைத்துப் பாருங்கள். புரி இல்லை. உள்ளே போடுவது சரியான குண்டுகூட இல்லை, பால்ரஸ். முப்பது நாற்பது அடி போவதற்குள் சிதறும். கரிமருந்து ஈரமானால் வெடிக்காது, அதிகமானால் குழலே வெடிக்கும். சுடுவது இரவில், பனிமூட்டத்தில், புதர் அசைவை நம்பி. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு மாணவனின் தந்தை அடுத்த தோட்டத்துக்காரர் சுட்டதில் ஒரு கண் இழந்தார். சுட்டவர் அவருக்குப் பங்காளி. பன்றி என்று நினைத்தார். அந்தப் பையன் பத்தாம் வகுப்பை முடிக்கவில்லை.

சரி, புரி போட்ட நல்ல ரைஃபிளைக் கொடுத்தால் தீருமா? தீராது. நான் சொன்ன அந்த நியாயம் இதுதான். சின்ன .22 குண்டே ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். .315 அதைவிட அதிக தூரம் போகும். நம் மலையில் ஒரு சரிவிலிருந்து சுட்டால் எதிர்ச்சரிவில் இன்னொரு ஊர். இடையில் பள்ளிக்கூடப் பாதை. தொலைவுக்குப் போகும் துப்பாக்கி, தவறினாலும் அதே தொலைவுக்குப் போகும். இந்த விஷயத்தில் சட்டத்தின் உள்நோக்கம் எதுவாயிருந்தாலும், விளைவு நமக்குச் சாதகம்.

வனவிலங்குச் சட்டம் 1972லிருந்து இருக்கிறது. பன்றிப் பிரச்சினைக்கு 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வழி சொல்லியிருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடலாம். அதற்குள் என்றால் பிடிக்கலாம், ஒரு கி.மீ.க்குள் அதுவும் கூடாது. நம் ஊர்கள் பல காட்டை ஒட்டியே இருப்பதால் நமக்கு இது பெரிதாக உதவாது என்பது உண்மை. அதை ஊர் கூடி, கிராமசபையில் எழுதிக் கேட்க வேண்டும். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு மனு எழுத வேண்டுமானால் வீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வேலை?

கூரையில் செருகிய துப்பாக்கி பிடிபட்டால் சிறைதான். ராணுவம், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் நம் பையன்களுக்கு ஒரு வழக்கு போதும், கனவு முடிந்தது. அந்த வேலையில் சேர்ந்தால் அரசாங்கமே 7.62 கையில் கொடுத்துச் சுடச் சொல்லித்தரும். வீட்டில் இருக்கும் பழைய குழலுக்காக அதை ஏன் இழக்க வேண்டும்? காவல்துறை அவ்வப்போது 'நீங்களே முன்வந்து ஒப்படையுங்கள்' என்று ஊர்ப் பெரியவர்கள் மூலம் சொல்லி அனுப்புகிறது. அப்படி வரும்போது தயங்காதீர்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஊர்க்கவுண்டரையோ என்னையோ கூப்பிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்துத் துப்பாக்கி உரிமப் புத்தகம் யார் வீட்டிலாவது இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த ஆண்டு, எந்த வகை, எதற்காக உரிமம் கொடுத்தார்கள் என்று ஊர் ஊராகத் தொகுக்க ஆசை. நம் மலையின் வரலாற்றில் அதற்கும் ஒரு பக்கம் உண்டு. துப்பாக்கியே இருந்தால் எனக்குப் படம் வேண்டாம். நேராக ஏற்காடு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
வாழவந்தி